கைக்கு மறக்காதது

அடுகோடியில் குடியிருப்பவர்களுக்கு மூளை என்பது பக்கத்துத் தெரு சமாச்சாரம். நடந்துபோகிற தூரத்தில், ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. அங்கே மனித மூளைகளைப் பாதுகாத்து வைத்திருக்கும் அருங்காட்சியகமும் உண்டு. ஆனாலும் நினைவைப் பற்றிய பழைய எண்ணம் எங்கள் தெருவிலும் மாறவில்லை. அது ஏதோ ஒரு பீரோ. சாவி தொலைந்தால் உள்ளே இருப்பது எல்லாமே போச்சு!

என் அப்பாவைப் பார்க்க வருகிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர். இப்போது அல்ஸைமர் நோய். கை கழுவிய ஈரம் காய்வதற்குள், "டிபன் ஆச்சா?" என்று கேட்கிறார்.

பி.யு.சி.யில் உளவியல் படிக்கும் என் மகளின் பாடத்தில் நினைவுக்கு மூன்று படிகள்: பதிதல், தங்குதல், மீட்டல். தாத்தா விஷயத்தில் கோளாறு பெரும்பாலும் முதல் படியில். சாப்பிட்ட இட்லியை அவர் மறக்கவில்லை; அது அவருக்குள் சரியாகப் பதியவே இல்லை. புது அனுபவங்களைப் பதியவைக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை இந்த நோய் ஆரம்பத்திலேயே தாக்குகிறது. அதனால்தான் இளமைக்கால ஊர்க் கதைகள் வருகின்றன, இன்று காலை வருவதில்லை.

ஆனால் கையில் ஒரு மைக்ரோமீட்டரைக் கொடுத்துப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக இடம் பிடிக்கின்றன. ராட்செட்டைத் திருகுகிறார், 'டிக் டிக்' சத்தம் கேட்டதும் நிறுத்துகிறார். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு விளக்கம் கிடைத்தது ஓர் அமெரிக்கரின் சோகத்திலிருந்து. 1953இல் ஹென்றி மொலெய்சன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இரு பக்கமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் புது நினைவு எதுவும் நிற்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடி பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறியது. ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் தடவைதான்! கைப்பழக்கத்தின் நினைவுக்கு மூளையில் வேறு பாதைகள் என்பது அப்படித்தான் தெரியவந்தது. மொலெய்சன் 2008இல் இறந்த பிறகே அவர் பெயர் வெளியானது.

குடும்பங்களுக்கு இதைவிட முக்கியமான ஆய்வு 2010இல் வந்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், ஹிப்போகேம்பஸ் பாதிக்கப்பட்ட ஐந்து பேருக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். சில நிமிடங்களில் பார்த்த காட்சிகள் பெரும்பாலும் மறந்துபோயின. சோகம் மட்டும் தங்கியது. பின்னாளில் அல்ஸைமர் நோயாளிகளிடமும் இதையே கண்டார்கள்.

எங்கள் வீட்டில் இது தினசரி நிஜம். "மாமா, நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்!" என்று உறவினர்கள் பாசத்தோடுதான் பரீட்சை வைக்கிறார்கள். அப்பா திணறுகிறார், அசட்டுச் சிரிப்பு சிரிக்கிறார். வந்தவர் போன பிறகு கேள்வி மறந்துவிடுகிறது. ஆனால் அன்று சாயங்காலம் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஏன் என்று அவருக்கே தெரியாது.

நோய் முற்றினால் கையின் நினைவும் ஒருநாள் கரையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைத் தடுக்க எங்களிடம் மருந்தில்லை. அவர் மனதில் எதை மிச்சம் வைப்பது என்பது மட்டும் ஓரளவு எங்கள் கையில் இருக்கிறது. அதனால் வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுகிறோம்: பெயரையும் உறவையும் நீங்களே சொல்லிவிடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் வந்தது யார் என்பது அவருக்கு மறந்திருக்கும். வேண்டியவர் ஒருவர் வந்துபோனார் என்ற நிம்மதி ராத்திரி வரைக்கும் இருக்கும்.