முழங்கால் உயர மஞ்சள்

அப்பாவின் முதல் திவசம் முடிந்து அம்மா எட்மன்டனுக்கு வந்தது மே மாதக் கடைசியில். வந்த மறுநாளே பின்வாசலில் நின்று கேட்டார்: "என்னடி வீடு இது, சாமிக்கு வைக்க ஒரு மஞ்சப் பூ இல்ல?"

சுங்கை சிப்புட்டில் எங்கள் வேலியோரம் அலமண்டா வருஷம் முழுக்கப் பூக்கும். அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. பூச்செடியைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு வேலை இருப்பதே இங்கே வந்துதான் தெரிந்தது. நர்சரியில் ஒவ்வொரு தொட்டியிலும் ஓர் அட்டை, அதில் ஓர் எண். கனடாவை 0 முதல் 9 வரை குளிர் மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். எண் சிறுக்கச் சிறுக்கக் குளிர் அதிகம். எங்கள் ஊரில் 3 என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 4 கொஞ்சம் துணிச்சல். 5 என்றால் காசைப் பனியில் புதைப்பது.

அம்மாவுக்குக் கொன்றை வேண்டும். சரம்சரமாகத் தொங்கும் லபர்னம் பார்க்கக் கொன்றையேதான், ஆனால் இந்தக் குளிர் தாங்காது. விதையிலும் நஞ்சு. பின்சந்தில் கராகானா பூத்திருந்தது. சைபீரியப் புதர், பிரெய்ரி விவசாயிகள் காற்றைத் தடுக்க வரிசையாக நட்டது. இதுவும் அவரைக் குடும்பம், கொன்றைக்குத் தூரத்துச் சொந்தம் என்றேன். "துவரம்பூ மாதிரி இருக்கு. இதப் போயி சாமிக்கு வைப்பாங்களா?"

அப்படியானால் துலுக்கச் செவ்வந்தியாவது போடு என்றார். விதைத்திருந்தால் இரண்டே மாதத்தில் பூத்திருக்கும். நான் போடவில்லை. செப்டம்பர் உறைபனியில் கருகிவிடும் என்று சொன்னேன். உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. பல்லாண்டுச் செடிகளாக வைத்தால் அடுத்த வருஷம் பூப்பதைப் பார்க்க அம்மா இருப்பார் என்று ஒரு கணக்கு. அதை அவரிடம் சொல்லவில்லை.

பொட்டென்டில்லா வாங்கினேன். இந்த மண்ணின் சொந்தப் புதர், ஐந்திதழ்ச் சின்னப் பூ, ஜூனிலிருந்து உறைபனி வரை விடாமல் பூக்கும். ஸ்டெல்லா டி ஓரோ லில்லியில் ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. மூன்றாவது என் ஆசைக்கு: இலை வருமுன் கிளையெல்லாம் மஞ்சளாகும் ஃபோர்சித்தியா. ஒட்டாவாவில் குளிருக்கென்றே உருவாக்கிய 'நார்த்தர்ன் கோல்ட்' ரகத்தைத்தான் வாங்கியிருக்க வேண்டும். அட்டை விழுந்துபோய் பாதி விலைக்குக் கிடந்ததை வாங்கினேன்.

ஆகஸ்டில் அம்மா ஆற்றோர நடைபாதையிலிருந்து மஞ்சள் பொத்தான் போன்ற பூச்செடி ஒன்றை வேரோடு கொண்டுவந்து நட்டார். டான்சி. ஆல்பெர்ட்டாவில் சட்டப்படி அது கட்டுப்படுத்த வேண்டிய களை. பிடுங்கிப் பையில் கட்டினேன். "நல்லா வளர்றதப் புடுங்கிப் போட்டுட்டு, சாகறதக் காசு குடுத்து வாங்குறீங்க."

குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மைனஸ் 30. அம்மா ஜன்னலோரம்.

மார்ச்சில் பெட்டி கட்டும்போது, "எல்லாம் பட்டுப்போச்சு, புடுங்கிடு" என்றார். அவரை வாசலுக்குக் கூட்டிப்போய் பொட்டென்டில்லாக் குச்சியை நகத்தால் சுரண்டிக் காட்டினேன். பட்டைக்கு அடியில் பச்சை. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருக்கட்டும்மா. அங்க அப்பா வீடு பூட்டிக் கெடக்கு."

மே முதல் வாரம் ஃபோர்சித்தியா பூத்தது. முழங்கால் உயரம் வரை அப்பிய மஞ்சள், அதற்கு மேல் வெறும் குச்சி. யாரோ கோடு போட்டதுபோல. பனிக்கு வெளியே நீட்டியிருந்த மொட்டுகள் குளிரில் செத்திருக்கின்றன. பனிக்குள் புதைந்தவை மட்டும் பிழைத்திருக்கின்றன. போன் கேமராவைத் திருப்பி அம்மாவிடம் காட்டினேன்.

"மேல ஏன் பூக்கல?"

சொன்னேன். அம்மாவுக்குப் பின்னால் அலமண்டா தெரிந்தது. வேலியைத் தாண்டி ரோட்டில் சாய்ந்திருந்தது.

"அப்ப இந்தத் தடவ வாசல்ல தள்ளுற பனியெல்லாம் அள்ளி அது தலையில போடு. வீணாக்காத."