இயந்திரங்கள் முழங்குமுன் ஒரு குரல்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத் தலைநகரான இண்டியானாபோலிஸில் ஆண்டுதோறும் மே மாத இறுதியை ஒட்டிய ஒரு ஞாயிறன்று கார்ப் பந்தயம் நடத்துவது வழக்கம். 1911ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயம் அது. இரண்டரை மைல் நீளமுள்ள வட்டப் பாதையை 33 கார்கள் 200 முறை சுற்றி வரவேண்டும். மொத்தம் 500 மைல். வேகம் மணிக்கு 350 கிலோ மீட்டரைத் தாண்டும். பாதையைச் சூழ்ந்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் இருக்கைகள் அமைந்துள்ளன. 1909இல் அப்பாதை முழுவதும் செங்கற்களால் பாவப்பட்டிருந்தது. இன்று புறப்படும் கோட்டில் ஒரு கஜ அகலத்துக்கு மட்டும் அந்தச் செங்கற்களை விட்டு வைத்திருக்கிறார்கள்.

மதரஸாவில் பாடம் சொல்லித் தருபவனுக்குக் கார்ப் பந்தயத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். என் தங்கை மகன் இவ்விளையாட்டில் பித்துக் கொண்டவன். அவன் காட்டிய பழைய ஒளிப்பதிவு ஒன்றே என்னை இந்தச் செய்திக்குள் இழுத்துவிட்டது. பந்தயத்தை நான் முழுவதும் பார்க்கவில்லை. பந்தயம் தொடங்குமுன் ஒரு முதியவர் நின்று பாடியதையும், அவரைச் சூழ்ந்திருந்த பெருங்கூட்டத்தின் முகங்களையும் மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அந்த முதியவரின் பெயர் ஜிம் நேபர்ஸ். 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஹவாயில் தமது 87ஆம் வயதில் அவர் காலமானார். அவர் பந்தய வீரர் அல்லர். தொலைக்காட்சியில் மக்களைச் சிரிக்க வைத்த நடிகர். ஆயினும் அவருக்காக மனம் உருகியவர்களுள் கார்ப் பந்தய ரசிகர்கள் முன்வரிசையில் நின்றார்கள். வேகத்தையும் வெற்றியையும் தவிர வேறெதையும் நினையாதவர்கள் என்று நாம் எண்ணியிருக்கும் மக்கள் அவர்கள்.

நேபர்ஸ் 1930இல் அலபாமா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். சிறு வயது முதலே ஆஸ்துமா நோயாளி. மூச்சுக்குத் தகுந்த காற்றைத் தேடியே மேற்குக் கடற்கரைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே படச்சுருள் வெட்டும் வேலை செய்துகொண்டு, இரவில் ஒரு சிறிய அரங்கில் நகைச்சுவை செய்து வந்தார். நடிகர் ஆண்டி கிரிஃபித் அதைக் கண்டு தமது தொடரில் அவரைச் சேர்த்துக்கொண்டார். அதில் அவருக்குக் கிடைத்த வேடம் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கும் கோமர் பைல் என்ற கிராமத்து இளைஞன். சூது அறியாதவன். யார் எதைச் சொன்னாலும் நம்புபவன். 1964 முதல் 1969 வரை அந்தப் பாத்திரத்தையே நாயகனாக்கி, அவன் இராணுவத்தில் சேர்ந்ததாக ஒரு தனித் தொடர் வந்தது. அவை வியட்நாம் போரின் ஆண்டுகள். தொடரிலோ அப்போரின் நிழல் விழவே இல்லை எனலாம். இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஆனால் அவருடைய நகைச்சுவையின் தன்மை வேறு. மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் பேசுவதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்துள்ளார்கள். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளி நகையாடக் கூடாது என்று குர்ஆன் கட்டளையிடுகிறது. இன்றைய நகைச்சுவையில் பெரும்பகுதி இவ்விரண்டையும் நம்பியே பிழைக்கிறது. கோமர் பைலின் நகைச்சுவை பிறரைக் குத்தவில்லை. அவனுக்குப் பொய் வராது. அதனாலேயே அவன் சங்கடங்களில் மாட்டிக்கொள்வான். சிரிப்பு அங்கிருந்துதான் பிறந்தது.

அவன் பேசும்போது குரல் மெலிந்து, இழுத்து இழுத்து வரும். பாட வாயெடுத்தால் வருவது முற்றிலும் வேறொரு மனிதரின் குரல்! ஆழமும் கம்பீரமும் கொண்ட குரல் அது. கேட்டவர்கள் திகைத்தார்கள். 1972ஆம் ஆண்டு இண்டியானாபோலிஸ் பந்தயத்தைக் காண விருந்தினராக வந்த அவரை, பாதையின் உரிமையாளர் டோனி ஹல்மன் பாடுமாறு கேட்டுக்கொண்டார். தேசிய கீதம் என்றே அவர் நினைத்தாராம். கேட்கப்பட்டதோ, இண்டியானாவில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்பும் ஏக்கத்தைச் சொல்லும் பழைய பாட்டு, 1917இல் இயற்றப்பட்டது. வரிகளை அவசர அவசரமாகக் கையில் எழுதி வைத்துக்கொண்டு பாடினார் என்பர். அன்று தொடங்கி 2014 வரை 36 முறை அந்தப் பாட்டைப் பாடினார். இத்தனைக்கும் அவருக்கு இண்டியானா சொந்த ஊரும் அன்று, குடியிருந்த ஊரும் அன்று.

அந்தப் பாட்டு நிகழ்ச்சியில் எந்த இடத்தில் வருகிறது என்பதை அறிந்தால்தான் ரசிகர்களின் துயரம் விளங்கும். பந்தயம் நடைபெறும் வார இறுதி, போரில் மாண்ட வீரர்களை அந்நாட்டினர் நினைவுகூரும் நாள்களோடு சேர்ந்தது. ஆகவே முதலில் பிரார்த்தனையும் தேசிய கீதமும், பின்னர் மாண்டவர்களுக்காக ஊதும் எக்காள இசையும் உண்டு. அதன் பிறகே இந்தப் பாட்டு. பாட்டு முடிந்ததும் இயந்திரங்களை முடுக்குமாறு கட்டளை பிறக்கும். பிறகு மூன்று மணி நேரத்துக்கு இரைச்சலைத் தவிர வேறு ஓசைக்கு அங்கே இடமில்லை. ஓட்டுநர்களும், அவர்களுடைய மனைவி மக்களும், பார்க்க வந்தோரும் ஒருசேரக் கேட்கும் கடைசி மனிதக் குரல்களுள் அது ஒன்று. அந்தப் பாதையில் உயிர் போவது கற்பனையன்று. 1973இல் மட்டும் அப்பந்தயத்தையொட்டிய விபத்துகளில் இரண்டு ஓட்டுநர்களும் ஓர் உதவியாளரும் மாண்டனர். இறந்தவர்களை நினைத்த மறு நிமிடத்தில், இறக்கவும் கூடும் என்ற நிலையில் நிற்பவர்களின் எதிரே வீடு திரும்புவதைப் பற்றி ஒருவர் பாடுகிறார். கண் கலங்காமல் எப்படி இருக்கும்?

என்னோடு பணியாற்றும் மூத்த ஆலிம் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "கூத்தாடி ஒருவர் இறந்தார் என்றால் நமக்கென்ன ஹஜ்ரத்? நாம் அழ வேண்டியவை வேறு இல்லையா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. உலகில் நாம் அழ வேண்டியவை ஏராளம். இசையைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள தீர்ப்புகளையும் நான் மறக்கவில்லை. ஆயினும் அவருடைய சொல்லை அப்படியே ஏற்க என் மனம் ஒப்பவில்லை. தம்மைக் கடந்து சென்ற யூதர் ஒருவரின் ஜனாஸாவுக்காக நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். இறந்தவர் யூதர் என்று தோழர்கள் நினைவூட்டியபோது, அவரும் ஓர் உயிர்தானே என்று கேட்டார்கள். புகாரியில் வரும் இந்த ஹதீஸை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறோம். நடத்திவிட்டு, பிற சமயத்தார் ஒருவருக்காகப் பிறர் அழுவதைக் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தப் பாடம் யாருக்கு?

பிலால் (ரலி) அவர்களின் நினைவும் எனக்கு வந்தது. மக்கத்து மணலில் கல் சுமத்தப்பட்டு வதைக்கப்பட்டவர் அவர். ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் காய்ச்சலில் கிடந்தபோது, எந்த ஊர் தம்மை வதைத்ததோ அந்த ஊரின் பள்ளத்தாக்கையும் அங்கு முளைக்கும் புல்லையும் எண்ணி ஏங்கிக் கவி சொன்னார். தமக்குச் சொந்தமாக ஒரு பிடி மண்கூட இல்லாத ஊர் அது! நபி (ஸல்) அவர்கள் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மக்காவைப் போல மதீனாவையும் எங்களுக்குப் பிரியமானதாக ஆக்குவாயாக என்று அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள். வீட்டை நினைத்து ஏங்கும் ஏக்கத்துக்கு மார்க்கத்தில் இடமுண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நபி (ஸல்) அவர்கள் மறைந்த பின் பிலால் (ரலி) பாங்கு சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, கலீஃபா உமர் (ரலி) ஷாம் நாட்டுக்கு வந்தபோது ஒரே ஒருமுறை பாங்கு சொன்னார்கள் என்றும், நபித்தோழர்கள் தாடி நனைய அழுதார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பாங்கோடு எந்தப் பாட்டையும் ஒப்பிட நான் துணியமாட்டேன், அது தகாது. ஒரு குரல் ஒரு காலத்தையே தன்னுள் சுமந்து நிற்க முடியும் என்பதை மட்டுமே சொல்கிறேன். தந்தையின் தோளில் அமர்ந்து நேபர்ஸ் பாடக் கேட்ட சிறுவன், பின்னர் தன் மகனைத் தோளில் சுமந்து அதே குரலைக் கேட்டிருப்பான். இடையில் தந்தை மறைந்திருப்பார். 2017இல் அவன் இழந்தது ஒரு நடிகரை மட்டுமா?

நேபர்ஸின் வாழ்க்கையில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவில் பயணம் செய்தபோது ஹெபடைடிஸ் பி கிருமி தமக்குத் தொற்றியதாக அவரே கூறியிருக்கிறார். அதனால் கல்லீரல் கெட்டு, 1994இல் மரணத்தின் வாயில்வரை சென்றார். நகைச்சுவை நடிகை கேரல் பர்னெட் ஓடியாடி மாற்றுக் கல்லீரல் சிகிச்சைக்கு வழி செய்தார். இந்த அம்மையார் தமது தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ஒவ்வொரு பருவத்தையும் நேபர்ஸை முதல் விருந்தினராக அழைத்தே தொடங்குவாராம். பிழைத்தெழுந்த நேபர்ஸ் மேலும் இருபது ஆண்டுகள் அந்தப் பாட்டைப் பாடினார்.

2007இல் உடல்நலம் இடங்கொடாமல் அவரால் வர இயலவில்லை. அன்று அவருடைய இடத்தில் கூட்டமே பாடியது. 2012இல் இருதய அறுவைச் சிகிச்சை காரணமாக ஹவாயில் இருந்தபடியே பாடியதைத் திரையில் காட்டினார்கள். 2014இல், 83 வயதில், இதுவே கடைசி முறை என்று அறிவித்துவிட்டு நேரில் வந்தார். என் மருமகன் காட்டிய ஒளிப்பதிவு அதுதான். உயர்ந்த சுருதியை அந்த வயதிலும் அவர் நழுவவிடவில்லை. அந்த ஆண்டு இயந்திரங்களை முடுக்கும் கட்டளையிலும் ஹல்மனின் மகளோடு சேர்ந்து அவர் குரல் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு ஒரு பாடகர் குழு பாடியது. அதற்கடுத்த ஆண்டு வேறொரு பாடகர். 2017 முதல் ஜிம் கார்னெலிசன் என்பவர் பாடத் தொடங்கினார். நேபர்ஸ் மறைந்த பின் வந்த முதல் பந்தயம் 2018 மே 27 அன்று நடந்தது. அன்றும் எக்காளம் ஓய்ந்ததும் கார்னெலிசன் அதே பாட்டைப் பாடினார். பாட்டு முடிந்ததும் இயந்திரங்கள் முழங்கின.