குன்னூர்வாசி சாம் மானெக்‌ஷா

1973 ஜனவரியில் ராணுவத் தலைமைத் தளபதி பதவியிலிருந்து விடைபெற்ற ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா டெல்லியில் தங்கிவிடவில்லை. மனைவி சில்லூவுடன் நீலகிரி மலையேறிக் குன்னூரில் குடியமர்ந்தார். வீட்டுக்கு 'ஸ்டாவ்கா' என்று பெயர். ஜார் காலத்து ரஷ்யப் படைத் தலைமையகத்தின் பெயரை, ரோஜாவும் காய்கறியும் விளையும் ஊரில் ஒரு வீட்டுக்கு வைத்த குறும்பு அவருக்கே உரியது.

அமிர்தசரஸில் 1914-ல் பிறந்த பார்சிக்காரருக்குக் குன்னூர் எப்படிச் சொந்த ஊரானது? பக்கத்து வெலிங்டன்தான் காரணம். அங்குள்ள பாதுகாப்புச் சேவைகள் பணியாளர் கல்லூரிக்கு அவர் தளபதியாக இருந்தபோதுதான், மனதில் பட்டதை மறைக்காமல் பேசும் வாய்க்கு விலை கொடுத்தார். தேசப்பற்றையே சந்தேகிக்கும்படியான புகார்களின்பேரில் ராணுவ விசாரணை நடந்தது. குற்றமற்றவர் என்று தீர்ப்பானாலும் பதவி உயர்வு தள்ளிக்கொண்டே போனது. 1962-ல் சீனப் படை உள்ளே நுழைந்த பிறகுதான் டெல்லிக்கு அவர் நினைவு வந்தது; போர்முனையை அடுத்த தேஜ்பூருக்கு அனுப்பினார்கள். ஒரு மனிதரை அவ்வளவு படுத்திய ஊரையே கடைசிக் காலத்துக்குத் தேர்ந்தெடுத்தார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

அப்பா ஹோர்முஸ்ஜி மருத்துவர். முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவராகவும் பணியாற்றியவர். மகனுக்கும் மருத்துவம் படிக்கத்தான் ஆசை. லண்டனுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். இந்த வயதில் வேண்டாம் என்று அப்பா மறுக்க, அந்தக் கோபத்தில் எழுதிய தேர்வுதான் டேராடூன் ராணுவ அகாடமியின் முதல் அணியில் அவரைச் சேர்த்தது. வீட்டுச் சண்டை ஒன்று இந்தியாவுக்கு ஒரு தளபதியைக் கொடுத்தது.

லாகூரில் சந்தித்த சில்லூ போடேயை 1939-ல் மணந்தார். மூத்த மகள் ஷெர்ரிக்கு இரண்டு வயதாக இருந்தபோது, 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் ஆற்றங்கரையில் ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கி சாமின் வயிற்றைத் துளைத்தது. மிலிட்டரி கிராஸ் பதக்கத்தை இறந்தவருக்குத் தர முடியாது. ஆள் பிழைக்கமாட்டார் என்று நினைத்த மேலதிகாரி கோவன், தன் சட்டையிலிருந்த பதக்க நாடாவைக் கழற்றி அங்கேயே அவருக்குக் குத்தினார். உதவியாளர் ஷேர் சிங்தான் அவரைச் சுமந்துபோய் மருத்துவரிடம் சேர்த்தார். என்ன ஆயிற்று என்று மருத்துவர் கேட்க, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றாராம் சாம். இந்த நிலையிலும் கிண்டலா என்று வியந்துதான் அந்த மருத்துவர் கத்தியைக் கையில் எடுத்தார் என்பார்கள்.

1971 வங்கதேசப் போர்க் கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஏப்ரலிலேயே போருக்குப் போகச் சொன்ன இந்திரா காந்தியிடம், மழைக்காலம் வருகிறது, படை தயாராக இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது. டிசம்பரில் பாகிஸ்தான் தரப்பினர் 93,000 பேர் சரணடைந்தது. அதைவிட அவரைக் காட்டும் சம்பவம் ஒன்று உண்டு. டாக்கா போய்ச் சரணாகதியை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பிரதமர் சொன்னபோது, அது கிழக்குப் பிராந்தியத் தளபதி ஜக்ஜித் சிங் அரோராவுக்கு உரியது என்று அவர் மறுத்துவிட்டார். சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திடும் அந்தப் பிரபலமான படத்தில் சாம் இல்லை.

இப்படி ஒதுங்கத் தெரிந்ததால்தான் குன்னூர் வாழ்க்கை அவருக்குச் சலிக்கவில்லை போலும். தோட்டம், மகள்கள், பேரப்பிள்ளைகள், சில நிறுவனங்களின் இயக்குநர் குழுக் கூட்டங்கள் என்று நாட்கள் போயின. அப்படி ஒரு குழுவிலிருந்து அவரை நீக்கி, நாயக் என்ற பெயருள்ளவரை நியமித்தார்களாம். ராணுவத்தில் நாயக் என்பது கீழ்நிலைப் பதவி. ஃபீல்டு மார்ஷலின் இடத்துக்கு நாயக் வருவது வரலாற்றிலேயே இதுதான் முதல்முறை என்று அவர் சிரித்ததாகச் சொல்வார்கள். இளைய மகள் மாயா தாருவாலா மனித உரிமை, காவல்துறைச் சீர்திருத்தம் என்று இறங்கினார். சீருடை அணிந்தவர்களைக் கேள்வி கேட்கும் ஒருவர் அந்த வீட்டிலிருந்தே வந்தது எனக்கு ஆச்சரியமில்லை. அப்பாவும் அதிகாரத்தைக் கேள்வி கேட்டவர்தானே!

2001-ல் சில்லூ போய்விட்டார். ஏறக்குறைய 62 ஆண்டு இல்லறம் முடிந்தது.

ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது. சாகும்வரை முழுச் சம்பளம் உண்டு. ஆனால் சாமுக்கு அந்தச் சம்பளம் முறையாக வரவில்லை. உடல்நலம் குன்றி வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இருந்தபோது அவரைப் போய்ப் பார்த்தவர்களில் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமும் ஒருவர். பிறகு 2007-ல், ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிலுவைக்கான காசோலை சாமின் கைக்கு வந்தது. அப்போது வயது 93. அந்தப் பணத்தை அவர் என்ன செய்ய முடியும்?

2008 ஜூன் 27-ம் தேதி, அதே மருத்துவமனையில் அவர் இறந்தார். ஊட்டியிலுள்ள பார்சி மயானத்தில் சில்லூவின் பக்கத்திலேயே ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் வரவில்லை, இணையமைச்சர் வந்தார். தேசிய துக்கம் அறிவிக்கப்படவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங் மறைந்தபோது டெல்லியில் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன, அரசு மரியாதை நடந்தது. அது சரியான செயல். 2008-லும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.