இறுக்கங்களின் கணக்கு

முதல் குழந்தையை ஏழாம் மாதத்தில் இழந்தேன். அன்று மாலை முதலே அடிவயிறு இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. சூட்டு வலியாயிருக்கும் என்று அம்மா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குடித்தபின் அடங்கினால் சூடு, அடங்காவிட்டால் பிள்ளை வலி என்பது எங்கள் வீட்டுப் பெண்களின் சோதனை. விடியும்வரை காத்திருந்தோம். காத்திருந்திருக்கக் கூடாது.

அடுத்த முறை, 26ஆம் வாரத்தில் மருத்துவர் எனக்கொரு வேலை தந்தார். காலையும் இரவும் ஒரு மணி நேரம் இடப்பக்கம் சாய்ந்து படுத்து, விரல்நுனிகளை வயிற்றின்மேல் பரப்பி, ஒவ்வோர் இறுக்கமும் தொடங்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். பிள்ளை புரண்டால் ஒருபக்கம் மட்டும் மேடிடும். இறுக்கமோ வயிறு முழுவதையும் பந்தாக்கிவிடும். தொட்டால் நெற்றியைத் தொடுவதுபோல் இருக்கும். மணிக்கு ஆறு என்றானால் உடனே வரவேண்டும்.

வலியில்லாத இவ்விறுக்கங்களை 1872இல் விவரித்த ஆங்கிலேய மருத்துவர் பிராக்ஸ்டன் ஹிக்ஸின் பெயரே இவற்றுக்கு நிலைத்துவிட்டது. அதற்குமுன் எந்தப் பெண்ணும் இவற்றை உணர்ந்ததில்லை போலும்!

32ஆம் வாரத்தில் ஓரிரவு எண்ணிக்கை ஐந்தானது. அம்மா அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை. ஆறாவதற்குக் காத்திராமல் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். ஒன்றுமில்லையென்று காலையில் திருப்பி அனுப்பினார்கள். 38ஆம் வாரத்தில் மகள் பிறந்தாள்.

பல ஆண்டுகள் கழித்தே அமெரிக்கக் கருவியைப் பற்றிப் படித்தேன். 1980களில் வந்தது. வயிற்றில் பட்டையாகக் கட்டிக்கொண்டால் இறுக்கங்களைப் பதிந்து தொலைபேசி வழியே செவிலியருக்கு அனுப்பும். 1998இல் வெளியான ஆய்வு 2,422 கர்ப்பிணிகளை மூன்று பிரிவாக்கிப் பார்த்தது: செவிலியரோடு வாரமொருமுறை பேசியவர்கள், தினமும் பேசியவர்கள், தினமும் பேசியதோடு கருவியும் கட்டிக்கொண்டவர்கள். குறைப்பிரசவத்தில் மூவருக்கும் வேறுபாடில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படியானால் என் நோட்டுப் புத்தகம் எதற்கு? முதற்குழந்தைக்கும் அப்படியொரு நோட்டு இருந்திருந்தால் என்று நான் என்னையே தின்றுகொண்டிருந்த இரவுகள் எதற்கு?

அந்தக் கஷாயத்தைப் பற்றி அம்மாவும் நானும் ஒருநாளும் பேசியதில்லை.

நோட்டை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் இரவு 9.10, 9.34 என்று என் கையெழுத்து. அதன்கீழே பென்சிலால், கோணல் எழுத்தில்: '10.05 இறுகிச்சு. தூங்குறா.' அடுத்த வரி 10.40. அதற்கடுத்தது 11.20.