கூலிப்படைக்கு யார் நடுகல் நடுவார்?

மிகுபுனைவு நாவல்களில் வரும் ராஜாக்களின் கதை எனக்குச் சலித்துப் பல காலம் ஆகிறது. சிம்மாசனம் யாருக்கு உரியது, மந்திர வாள் யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதையெல்லாம் வேகமாகப் புரட்டிவிட்டு, அந்தப் போரில் சம்பளத்துக்கு நிற்கிறவன் என்ன ஆனான் என்றுதான் தேடுகிறேன். ராஜா தர்மம் பேசுவார், குரு விதியைப் பற்றிப் பேசுவார். கூலிக்கு வந்தவன் மட்டும்தான் பாக்கி எவ்வளவு என்று கேட்பான். போரும் ஒரு பிழைப்பு என்று தெரிந்த ஒரே ஆள் அவன். அவன் வாயைத் திறக்கும்போது அந்தக் கற்பனை உலகம் சட்டென்று நிஜமாகிவிடுகிறது.

அப்படி வாயைத் திறந்து பேசவிட்ட நாவல்களில் கிளென் குக் எழுதிய 'தி பிளாக் கம்பெனி'க்கு ஈடாக இன்னொன்றை நான் படித்ததில்லை. வெளிவந்த ஆண்டு 1984. குக் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்கள் எழுதியவர். உழைத்துக் களைத்தவர்களின் பேச்சு அவருக்கு அத்துப்படி. மந்திரவாதிகள் வானத்தைக் கிழித்துக்கொண்டு சண்டை போடும்போதும், கீழே இவருடைய ஆட்கள் சீட்டாடிக்கொண்டு, சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு, அடுத்த உத்தரவுக்குக் காத்திருப்பார்கள்.

கதையைச் சொல்பவன் குரோக்கர். அந்தக் கூலிப்படையின் வைத்தியன் அவன்; படையின் சரித்திரத்தை எழுதி வைப்பதும் அவன் பொறுப்பு. ஒன்-ஐ, காப்ளின், சைலன்ட், ரேவன் என்று எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். முன்னால் என்ன பெயர், எங்கிருந்து ஓடி வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. நாவலின் தொடக்கத்திலேயே, தங்களை வேலைக்கு வைத்த நகரத் தலைவரைச் சாகவிட்டுவிட்டு, ஒப்பந்தம் தீர்ந்தது என்று கப்பலேறுகிறார்கள். போய்ச் சேர்வதோ இன்னும் மோசமான இடம். வடக்கே கொடுங்கோல் பேரரசு நடத்தும் மகாராணி ஒருத்திக்கு அவர்கள் கூலிப்படை. எதிரில் நிற்பவர்கள் அவளை எதிர்த்துக் கிளம்பிய கலகக்காரர்கள். வேறு எந்த நாவலாக இருந்தாலும் நம் வைத்தியனும் அவன் கூட்டாளிகளும் கதாநாயகனின் வாளுக்குப் பெயரில்லாமல் விழும் கும்பலாகத்தான் இருந்திருப்பார்கள். குக் அந்தக் கும்பலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறார்.

அந்தப் படையிடம் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டுவரும் ஏடுகள் இருக்கின்றன. செத்தவர்களைக் குரோக்கர் அதில் பதிகிறான். பழைய ஏடுகளை எடுத்துப் படையினருக்கு வாசித்தும் காட்டுகிறான். எந்த ஊரிலும் ஒட்டாத ஒரு கூட்டத்துக்குச் சொந்தம், பந்தம், பூர்வீகம் எல்லாமே அந்த ஏடுகள்தான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் செங்கம் வட்டாரத்து நடுகற்கள் நினைவுக்கு வரும். எந்த அரசன் ஆண்ட எத்தனையாவது ஆண்டு, எந்தத் தலைவனின் சேவகன், எந்தப் பூசலில் பட்டான் என்று பெயரோடு வெட்டி வைத்த கற்கள். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனை அவனுடைய ஊர் மறக்கவில்லை. சம்பளத்துக்குச் சண்டை போட்டு முகம் தெரியாத ஊரில் செத்தவனுக்கு யார் கல் நடுவார்கள்? யாரும் நட மாட்டார்கள் என்று தெரிந்தவர்கள் தங்களுக்குத் தாங்களே நட்டுக்கொண்ட கல்தான் குரோக்கரின் ஏடு. கற்பனைப் போர்க் கதைகளில் கூலிப்படைக்கு உள்ள பெரிய வேலையே இதுதான் என்று நான் நினைக்கிறேன். அரசு எழுதும் வரலாற்றில் இடம் கிடைக்காதவர்களின் சாவுக்கும் அது கணக்கு வைக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கு முழுமையானதும் இல்லை. தன் சகாக்கள் செய்கிற மிக மோசமான காரியங்களைத் தான் எழுதாமல் தவிர்ப்பதைக் குரோக்கரே சொல்லிவிடுகிறான். தன் பக்கத்துப் படையே சூறையாடிய ஒரு கிராமம். அங்கே சிப்பாய்கள் ஒரு சிறுமியைச் சீரழித்துக்கொண்டிருக்கிறார்கள். ரேவன் குறுக்கே புகுந்து, அந்தப் பிள்ளையையும் அவளுடைய தாத்தாவையும் மீட்டுக் கூடவே கூட்டிவருகிறான். வாய் பேசவும் காது கேட்கவும் முடியாத குழந்தை அவள். அவளுக்கு அவர்கள் வைக்கும் பெயர் டார்லிங். மகாராணிக்கு எமனாக வரப்போகிறவள் அவள்தான். சம்பளம் கொடுப்பவளின் எதிரியைச் சம்பளம் வாங்குபவர்கள் தங்கள் கூடாரத்திலேயே வளர்க்கிறார்கள். அந்த ஒரு நல்ல காரியத்தால் மற்றக் கொடுமைகள் கழுவப்பட்டுவிட்டன என்று குக் எங்கேயும் எழுதவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரைக் கும்பிடுகிறேன்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்களில் வரும் 'கோல்டன் கம்பெனி'க்கும் ஊரற்றவர்களின் இந்தத் தவிப்பு உண்டு. தோற்றுப்போன கலகத்துக்குப் பிறகு நாடு கடந்து ஓடியவர்கள் கட்டிய படை அது. நிறுவிய தலைவன் சாகும்போது, தன் மண்டையோட்டைப் பொன்னில் தோய்த்துத் தூக்கிப் போங்கள், கடல் தாண்டி ஊர் திரும்பும்போது அது முன்னால் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அதன் பிறகு வந்த தலைவர்களின் தலைகளும் அப்படியே. அந்த நாவல்களிலிருந்து எடுத்த தொலைக்காட்சித் தொடரின், 2019இல் வந்த கடைசிப் பருவத்தில் அந்தப் படை கோட்டை வாசலில் அணிவகுத்து நிற்கிறது. டிராகன் நெருப்பில் சில நிமிடங்களில் ஒன்றுமில்லாமல் போகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. அத்தனை தலைமுறை ஏக்கத்தை அப்படித் துடைத்து எறிந்தது அநியாயம்.

நம்முடைய வரலாற்றிலேயே இதற்கு ஈடான கதை இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையின் பொலன்னறுவையை ஆண்ட முதலாம் விஜயபாகுவிடம் வேளைக்காரர் என்ற தமிழ்ப் படை சேவகம் செய்தது. சோழர் மீது படையெடுக்க அவர்களுக்கு உத்தரவு வந்தபோது அவர்கள் மறுத்துக் கலகம் செய்ததாகவும், படைத்தலைவர்களைக் கொன்று அரண்மனைக்குத் தீ வைத்ததாகவும் சூளவம்சம் என்ற வரலாற்று நூல் சொல்கிறது. அரசன் கலகத்தைக் கொடூரமாக அடக்கினான். அதே வேளைக்காரர், புத்தரின் புனிதப் பல் இருந்த ஆலயத்தைக் காப்போம் என்று உறுதியேற்ற தமிழ்க் கல்வெட்டு இன்றும் பொலன்னறுவையில் நிற்கிறது. உத்தரவு வந்ததற்கும் கலகம் வெடித்ததற்கும் இடையில் அந்தப் பாசறையில் என்ன பேசிக்கொண்டார்கள்? சம்பளம் கொடுத்தவன் இந்தப் பக்கம், சொந்த மொழி பேசுகிறவன் அந்தப் பக்கம். ஒருவன் கை நடுங்கியிருக்கும். இன்னொருவன் இங்கே கட்டிய மனைவியை நினைத்திருப்பான். சூளவம்சம் அதைப் பதியவில்லை.

இப்படிப் பதியாமல் போகிறவர்கள் இன்றும் உண்டு. 2024இல் உதவியாளர் வேலை என்று நம்பி ரஷ்யாவுக்குப் போன இந்திய இளைஞர்கள் உக்ரைன் போர்முனையில் இறந்த செய்திகளைப் படித்தோம். இலங்கையின் முன்னாள் ராணுவத்தினர் பலரும் அங்கே போய்ச் சிக்கினார்கள். மறுநாளே வேறு செய்தி வந்துவிட்டது.

தமிழில் இப்போது மிகுபுனைவு எழுதும் இளைஞர்கள் பெருகிவருகிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இளவரசர்களைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்க விடுங்கள். ஒரு வேளைக்காரனைக் கதை சொல்லவிடுங்கள். அவன் வாங்கிய கூலியையும் செய்த கொடுமையையும் சேர்த்தே சொல்லட்டும். எழுதுவதற்கு முன் 'தி பிளாக் கம்பெனி' வரிசையின் முதல் நாவலை மட்டுமாவது படித்துவிடுங்கள்.