'குழுவினர்' என்றால் யார் யார்? – திண்டுக்கல் டு தேனி ஓர் இசைப் பயணம்

திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும்தான் நினைவுக்கு வரும். மலைக்கோட்டையில் ஏறி இறங்கி, பேகம்பூர் வரை ஒரு நடை போய்விட்டுக் கிளம்பிவிடுகிறவர்களே அதிகம். ஆனால், காதுக்கும் தீனி போடுகிற ஊர் இது. மாசி மாதம் வந்து பாருங்கள். மலையடிவாரத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழா களைகட்டியிருக்கும். தீச்சட்டி ஏந்தி வரும் பக்தர்களுக்கு முன்னால் மேளம் முழங்கும்.

இந்தப் பக்கத்து விழாக்களின் உயிரே நையாண்டி மேளம்தான். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு என்பது வழக்கமான செட். கரகம் ஆடுகிறவரின் காலைப் பார்த்துக்கொண்டே தவில்காரர் வேகத்தைக் கூட்டுவார், சட்டென்று நிறுத்துவார். நோட்டுப் புத்தகம் எதுவும் கிடையாது. கண்ணும் கையும்தான் கணக்கு. ஆனால், விழா நோட்டீஸைப் பாருங்கள். தலைவர் ஒருவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். மற்றவர்கள் எல்லோரும் 'குழுவினர்'.

திண்டுக்கல்லில் தேனி பஸ் ஏறினால் செம்பட்டி, வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகச் சுமார் 75 கிலோமீட்டர். வலப்பக்கம் பழநி மலைத்தொடர் கூடவே வரும். ஜன்னலோர சீட் கிடைத்தால் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டே போகலாம். பொருத்தமான சாலைதான். ராஜாவின் பண்ணைப்புரம் தேனியையும் தாண்டி இருக்கிறது. அவர் பிறந்த 1943-ல் திண்டுக்கல், தேனி எல்லாமே ஒரே மதுரை மாவட்டம்.

1986-ல் வந்த அந்த ஆல்பத்தில் பாட்டு வரிகள் இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் ராஜா செய்த காணிக்கை அது. அதில் தனி வயலின் வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். பின்னால் வயலின் கூட்டம் மேற்கத்திய முறையில் அடுக்கடுக்காக எழும்ப, இவருடைய வில் மட்டும் கர்நாடக கமகத்தோடு குழைந்து வரும். இரண்டு முறையும் கைவந்த ஒருவர் இல்லாமல் அந்த இசை நடந்திருக்காது. 'இளைய நிலா' கிடாரும் அப்படித்தான். வாசித்தவர் சந்திரசேகர். பாட்டை முணுமுணுக்கிற எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 1967-ல் பீட்டில்ஸ் வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தில் ஜார்ஜ் ஹாரிசனின் பாட்டுக்குத் தில்ரூபாவும் தபலாவும் வாசித்தவர்கள் லண்டனில் இருந்த இந்தியர்கள். ஆல்பத்தின் உறையில் அவர்கள் பெயர் இல்லை. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்துக்காக கிளேர் டோரி என்ற பாடகியை அழைத்தார்கள். சொற்களே இல்லாமல், தானாகவே கற்பனை செய்து பாடினார். சம்பளம் 30 பவுண்டு. பாடகி என்று பெயர் வந்தது, இசையமைத்ததில் பங்கு வரவில்லை. 2004-ல் வழக்குப் போட்டார். 2005-ல் சமரசம் ஆனது. இன்று அந்தப் பாட்டின் இசையமைப்பாளர்களில் அவரும் ஒருவர். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது!

நம் தவில்காரர்கள் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை. சீஸன் முடிந்தால் அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கிறவர்கள் அவர்கள். வாசிப்பைக் கேட்டு மயங்கிய அடுத்த ஊர்க்காரர், பெயர் தெரிந்தால்தானே தேடிப் பிடித்து அழைக்க முடியும்? பெயர்தான் அவர்களுக்கு விசிட்டிங் கார்டு.

அடுத்த திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, விழா கமிட்டிக்காரர்கள் 'குழுவினர்' என்ற ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு வாசிக்கிற எல்லோருடைய பெயரையும் போடலாம். கூடுதலாக இரண்டு வரி, அவ்வளவுதான்.