உதட்டுக்குப் பழகும் சீவாளி

வல்லக்கோட்டை முருகன் கோயில் பக்கம் முகூர்த்த நாளில் கல்யாணங்களுக்குக் குறைவிருக்காது. ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்கள் இரவு ஷிப்ட் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த விடியற்காலையில், மண்டபம் ஒன்றின் பின்கட்டில் நாகஸ்வரக்காரர் வாத்தியத்தின் ஊதுவாயான சீவாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனது அதைப் பார்க்கத்தான்.

வாத்தியத்தின் மேல்முனையில் ஒரு கொத்துச் சீவாளி தொங்கியது. ஒன்றை எடுத்து வாயில் அதக்கி ஊறவைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இரண்டு இதழ்களுக்கும் நடுவே மெல்லிய கண் மாதிரி ஓர் இடைவெளி. “வாய் விரிஞ்சிருக்கு சார். காத்து நிறைய கேக்கும், சுருதியும் இறங்கும்” என்றபடி விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினார். மறுபடி பார்த்தார். ரொம்ப மூடிக்கொண்டால் ஊசியை உள்ளே விட்டு லேசாகத் திறக்கிறார். பிறகு சீவாளியை மட்டும் உதட்டில் வைத்து ஊதினார். கரகரவென்று ஒரு சத்தம். அது சீராக வந்தால்தான் சீவாளி, கெண்டை என்ற உலோகக் குழாயில் ஏறும். ஏற்றியபின் மேல் ஷட்ஜம், கீழ் ஷட்ஜம் இரண்டையும் பிடித்துப் பார்த்தார். மேலே நன்றாகப் பேசிய ஒன்று கீழே வெறும் காற்றாய்ப் போனது. அதைக் கொத்திலேயே மாட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

சீவாளிக்குப் பேர்போன ஊர் திருவாவடுதுறை, டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். கொறுக்கை என்னும் நாணல் தட்டையை வெட்டி, காயவைத்து, பக்குவப்படுத்தி, நூல் கட்டிச் செய்கிறார்கள். அருகிலுள்ள நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைகிறவர்களைப் பற்றி அப்போது நிறையப் பேசினோம். கொறுக்கையோடு மல்லுக்கட்டுகிறவர்களையும் அதே மரியாதையோடு பேசியிருக்க வேண்டும். நாகஸ்வரத்தின் மரக்குழலான உலவு தலைமுறை தாண்டி உழைக்கும். சீவாளியோ ஊத ஊதத் தளர்ந்துபோகிற பொருள், திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும்.

இரண்டாவது நாயனம் அவருடைய மகன். கார் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார். சிக்கல் அங்கேதான். புதுச் சீவாளி தினமும் ஊதினால்தான் பதப்படும். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் எடுத்தால் அது விறைப்பாகவே இருக்கும், அதுவும் ஏ.சி. மண்டபத்தில் சீக்கிரம் காய்ந்துபோகிறது.

“நீங்களே ஊதிப் பழக்கிக் கொடுக்கலாமே ஐயா?”

“என் உதட்டு அழுத்தம் வேற, அவன் அழுத்தம் வேற சார். நான் பழக்கினது எனக்குத்தான் பேசும்.”

மகனின் சீவாளி தாரஸ்தாயியில் பிசிறடித்தது. வேறொன்றுக்குக் கொத்தைத் துழாவினார். அப்பா தடுத்தார்.

“இதையே ஊது. அடுத்த வாரம் பகல் ஷிப்ட்தானே? சாயந்தரம் அரை மணி நேரம் இதுக்குன்னு ஒதுக்கு. வேற எடுக்காதே.”